வாரச் சேவலின் கால்கள்

கோழிக்கறி வாங்கப் போனால், கால் மட்டும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுவேன். சூப்பு வைத்தால் முட்டிவலி போகும் என்று அவர் எடுத்துப் போடுவார். நான் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துத் திருப்பி வைத்துவிட்டு வருவேன். ஏன் என்று என் மனைவி பல தடவை கேட்டிருக்கிறாள். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் எதிரில் பேசக் கூசுகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் எழுத்தும் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் இந்தக் கோபத்தை இனிமேலும் மடியில் கட்டிக்கொண்டு திரிய முடியாது.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் இருந்தது எங்கள் ஊர். சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காது. நான் மூன்றாம் வகுப்பு. அந்தச் சித்திரையில் ஊருக்குக் கோழிச்சீக்கு வந்தது.

காலையில் கூடையைத் தூக்கினால் நாலு செத்துக் கிடக்கும். மற்றவை கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பச்சையாகக் கழிந்துகொண்டிருக்கும். மத்தியானத்துக்குள் அவையும் போய்விடும். பத்து நாளில் எங்கள் தெருவில், எங்கள் வீட்டுப் பெட்டை ஒன்றைத் தவிர, ஒரு கோழி இல்லை. விடியற்காலையில் கூவுவதற்கு ஒரு சேவல் இல்லாமல், ஊர் செவிடாகிப் போன மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் பதினொன்று இருந்ததில் ஒன்று மட்டும் பிழைத்தது. தலையில் கொத்தாக மயிர் நிற்கிற சாம்பல் நிறப் பெட்டை. கொண்டைச்சி என்று பெயர் வைத்திருந்தேன். அதற்கும் சீக்கு வந்தது. மடியில் போட்டுக்கொண்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கி மிளகுத் தண்ணீரில் கலந்து, ஒரு வாரம் நான்தான் ஊட்டினேன். பிழைத்தது. ஆனால் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் வரும்.

பிழைத்த கோழிக்குத் தனியாக இருக்கத் தெரியவில்லை. இரை போட்டால் ஒரு தடவை கொத்திவிட்டு, மற்றவை வரட்டும் என்று காத்திருக்கும். யாரும் வராததால் அதுவும் தின்னாமல் போய்விடும். எங்கள் வெள்ளாட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்து பார்த்தது. ஆடு உதறிவிட்டது. காக்கைகள் சோறு கொத்துகிற இடத்துக்குப் போய் நின்றது. அவை இதைக் கொத்தின. நான் களிமண்ணில் ஒரு சேவல் செய்து கூடைக்குள் வைத்தேன். அதன் பக்கத்தில் இரண்டு நாள் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் அதன் மேலேயே கழிந்து வைத்தது.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் கொண்டைச்சி கூவியது.

முழுக் கூவல் இல்லை. பாதியில் தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். ஆனால் கூவல்தான். அப்பாவின் அக்கா வளவனூரிலிருந்து வந்திருந்தார். என் அத்தை. இலையில் சோறு போட்டிருக்க, கையை அப்படியே நிறுத்தினார்.

"இன்னாடா அது? பெட்டையா கூவுது?"

"அதுவா, அது ஒத்தையா கீதுக்கா, அதான்," என்றாள் அம்மா.

"ஒத்தையா இருந்தா கூவுமா? ஆம்பளைங்க நடமாடுற வூடு. பெட்ட கூவுனா வூட்டு ஆம்பளைக்கு ஆகாது. கழுத்தைத் திருவிப் போடு."

நான் சோற்றை விட்டு எழுந்து போய்க் கொண்டைச்சியைத் தூக்கிக்கொண்டேன். அத்தை சிரித்தார். "பாருடா உன் புள்ளையை, பொண்டாட்டியைக் காப்பாத்துற மாதிரி!"

அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தீர்ப்பு சொன்னார். சேவல் ஒன்று வந்தால் பெட்டை அடங்கும். ஆடியில் ஊர்க் கூழ் ஊற்றுகிற அன்று அத்தையும் அவர் வீட்டுக்காரரும் வருவார்கள். அதற்குள் சேவல் வந்தால் சரி. வராவிட்டால், கூழ் அன்றைக்குக் கொண்டைச்சிதான் குழம்பு.

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார்.

சேவலுக்கு எங்கே போவது? அப்பா மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போன அன்று வண்டியில் தொற்றிக்கொண்டு நானும் போனேன். சந்தையில் கோழி விற்கிற வரிசையே காலியாக இருந்தது. ஒரே ஒருத்தன் கூடையோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே ஏழெட்டு, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. "நல்ல நாட்டுக்கோழி தம்பி, தூங்குது," என்றான். நான் கூடைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பச்சைக் கழிச்சல். அவனைத் திட்ட வேண்டும் என்று நாக்குத் துடித்தது. வாய் திறக்காமல் வந்து வண்டியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊரில் கேட்க மிச்சம் இருந்தது பெரிய வீடு ஒன்றுதான். ஏரிப்பாய்ச்சல் நிலத்தில் பாதி அவர்களுடையது. ஆனால் அங்கே கோழியே வளர்ப்பதில்லை. கொல்லையில் ஒரு இறகு கிடக்காது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக்குழம்பு மட்டும் மணக்கும். அது எப்படி என்று நான் யோசித்ததில்லை.

ஒரு நாள் விடியலில், ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து காற்று வீசியபோது, ஒரு சேவல் கூவுவது கேட்டது. கொண்டைச்சி திருகின கழுத்தை நிமிர்த்திப் பதிலுக்கு அதன் பாதிக் கூவலைக் கூவியது. நான் கரையேறி ஓடினேன்.

ஏரிக்கு அப்பால் பனைமரங்களுக்கு நடுவே கூலிக்காரர்களின் குடிசைகள் இருந்தன. கடைசிக் குடிசைக்கு முன்னால் ஒரு அம்மாள் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். எங்கள் நிலத்தில் நடவுக்கு வருகிறவள்தான், பார்த்திருக்கிறேன். புருஷன் இல்லாதவள். சுற்றிலும் ஏழெட்டுக் கோழிகள். எல்லாம் கண் திறந்திருந்தன.

அவளைப் பெரியம்மா என்று கூப்பிட என் வாய் வந்தது. அந்தப் பக்கத்துச் சனங்களை முறை வைத்துக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். அவ்வளவு பெரியவளை அப்படிக் கூப்பிட எனக்குக் கூச்சம். அதனால் ஒன்றும் கூப்பிடாமல் நின்றேன்.

"இன்னா நைனா, காலங்காத்தால? நடவுக்கு ஆள் கூப்பிட வந்தியா?"

"இல்ல. சேவலு."

"சேவலுக்கு இன்னா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டை கூவியதைச் சொன்னபோது அவள் தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"கூவட்டுமே! எங்கூட்டு ஆளு போன நாளா நானுந்தான் ஒத்தையாக் கூவிக்கினு கெடக்கிறேன். என் கழுத்தை எவன் திருவினான்?"

சீக்கு வந்த நாளிலிருந்து கோழிகளை ஊர்ப் பக்கம் விடாமல் பனந்தோப்பிலேயே கட்டி வைத்து வளர்த்ததாகச் சொன்னாள். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதும் ஆபத்துதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு ஒரு சிவப்பு இளஞ்சேவலையும் ஒரு செம்பட்டைப் பெட்டையையும் பிடித்துக் காலைக் கட்டினாள். இரண்டுக்கும் இடது காலில் நடுவிரல் நகம் அடையாளத்துக்காக நறுக்கியிருந்தது.

"வாரத்துக்குத் தரேன். பொறக்கிற குஞ்சுல பாதி எனக்கு. போனதும் பழைய கூடையைக் கொளுத்திப் போடு. சீக்கு அதுலதான் ஒளிஞ்சிக்கினு இருக்கும். அப்புறம் ஒண்ணு நைனா. செத்துப் போச்சுன்னா கால் ரெண்டும் எங்கையில வந்தாவணும். கால் இல்லாம வந்து செத்துச்சுன்னு சொல்லக் கூடாது, இன்னா?"

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். நிலத்தை வாரத்துக்கு விடுவது போலவே ஆடு, மாடு, கோழியையும் விடுவார்கள். உயிர் ஒருத்தருடையது. வளர்ப்பது இன்னொருத்தர். பிறப்பதில் பாதிப் பாதி. வளர்க்கிறவர் கையில் செத்துவிட்டால், திருடி விற்கவில்லை, தின்னவில்லை என்பதற்கு அடையாளம் காட்ட வேண்டும். ஆடு மாட்டுக்குக் காது. கோழிக்குக் கால். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பழைய கூடையைக் கொளுத்தினேன். நல்ல கூடையைக் கொளுத்தினதற்கு அப்பா முதுகில் இரண்டு வைத்தார். பரவாயில்லை.

கொண்டைச்சி முதலில் விருந்தாளிகளைச் சேர்க்கவில்லை. இரண்டு நாள் துரத்தித் துரத்திக் கொத்தியது. கழுத்து திருகியிருந்ததால் பாதிக் கொத்து மண்ணில்தான் விழுந்தது. மூன்றாம் நாள் காலை நான் புதுக் கூடையைத் தூக்கிப் பார்த்தபோது மூன்றும் ஒட்டிப் படுத்திருந்தன, கொண்டைச்சி நடுவில். இரை போட்டேன். சேவல் 'கொக் கொக்' என்று கூப்பிட்டது. கொண்டைச்சி வந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, வயிறு நிறையத் தின்றது. அன்றிலிருந்து அது கூவவில்லை.

கூவாவிட்டால் கொல்ல மாட்டோம் என்றுதானே சொன்னார்கள். நான் அதை நம்பினேன்.

ஆடிக் கூழுக்கு முதல் நாள் சாயங்காலம் அத்தையும் அவர் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார்கள். அந்த மாமாவுக்குக் கறி இல்லாமல் விருந்தில்லை. அடுப்பங்கரையில் அப்பா அம்மாவிடம் பேசுவது கேட்டது.

"அந்தக் கோணக்கழுத்தை அடிச்சிடு. முட்டையும் வெக்கல, ஒண்ணும் வெக்கல."

"புள்ள கிட்ட சேவல் வந்தா வுட்டுடறேன்னு சொன்னியே."

"சின்னப்பையன் கிட்ட சொன்னதெல்லாம் பத்திரமா எழுதிக் குடுத்தேன்? ஜல்தி ஆவட்டும், காலையில அடிச்சிடு."

நான் விடியலில் எழுந்தேன். மாட்டுக் கொட்டகையில் ஓட்டை நெற்குதிர் ஒன்று சாய்ந்து கிடந்தது. கொண்டைச்சியை அதற்குள் விட்டு, கோணிச் சாக்கைப் போட்டு மூடி, சாக்கின் மேல் இரண்டு செங்கல் வைத்தேன். சேவலும் செம்பட்டையும் வெளியே மேய்ந்துகொண்டிருந்தன. அவை வாரக் கோழிகள். இன்னொருத்தர் சொத்தை யாரும் தொட மாட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன். பிறகு தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அம்மன் கோயிலுக்குக் கூழ் வாங்க ஓடினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே வைக்கோல் கருகுகிற வாசனை வந்தது. மயிர் பிடுங்கின கோழிக்கு மஞ்சள் பூசி வைக்கோல் நெருப்பில் வாட்டும்போது வருகிற வாசனை. கொட்டகைக்கு ஓடினேன். செங்கல் வைத்தபடி இருந்தது. சாக்குக்குள் கொண்டைச்சி இருந்தது.

கொல்லையில் சிவப்பு இறகுகள் கிடந்தன.

"அது வாரச் சேவல்ப்பா!" என்று கத்தினேன். அப்பா எதிரில் அதுவரை நான் கத்தினதில்லை.

"நீ ஒண்ணை ஒளிச்சு வெச்சா எங்களுக்கு வேற கோழி கெடைக்காம பூடுமா?" என்றார் அப்பா. மாமா எதிரில் பிள்ளை கத்திவிட்டானே என்பதுதான் அவருக்குக் கோபம். "இன்னா இப்போ? கால் இருக்குது. எடுத்துக்கினு போய்க் காட்டு. சீக்குல செத்துச்சுன்னு சொல்லு."

"அவ கிட்ட சொல்றதுக்கு இவ்ளோ பேஜாரா?" என்றார் அத்தை. "நாளைக்கு நடவுக்கு வரப்போறவதானே."

அம்மா கோழியை அரியும்போதே கால் இரண்டையும் தனியாக எடுத்துப் பூவரச இலையில் மடித்து வைத்திருந்தாள். அது தப்பு என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தும் மிளகாய் அரைத்தாள். அதனால் அவள் மேல்தான் எனக்கு எல்லாரையும்விடக் கோபம்.

சாப்பிட மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். மாமா ஈரலை எடுத்து என் இலையில் வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தின்றேன். இரண்டாம் தடவை குழம்பும் கேட்டு வாங்கினேன். கோபத்தோடுதான் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. இதை எழுதும்போது எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மறுநாள் பொட்டலத்தோடு ஏரியைத் தாண்டினேன். அவள் குடிசைக்குப் பின்னால் பனையோலை காய வைத்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையாலும் பொட்டலத்தை நீட்டினேன்.

"சீக்கு," என்றேன்.

அவள் இலையைப் பிரித்தாள். கால்கள் மஞ்சளாக இருந்தன. ஓரத்தில் கருகியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"சீக்குக் கோழிக்கு மஞ்சா பூசினீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நீ துன்னியா?"

தலையாட்டினேன்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கத்துவாள், எங்கள் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றட்டும், அப்பா வெட்கப்படட்டும் என்றுகூட ஆசையாக இருந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை. அப்படியே உட்கார்ந்து, அடுப்புச் சாம்பலை அள்ளி அந்தக் கால்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். மஞ்சள் போகும்வரை தேய்த்தாள். கருகின இடத்தைக் கல்லில் உரசினாள். தண்ணீரில் அலசினாள். பிறகு கோழி எச்சத்தையும் சேற்றையும் குழைத்து நகத்தைச் சுற்றித் தடவினாள். நடுவிரலின் நறுக்கின நகம் மட்டும் தெரிகிற மாதிரி துடைத்தாள். செத்துப்போன கோழியின் காலுக்கு இவ்வளவு சிங்காரமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இவளுக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்தேன்.

"நீ வூட்டுக்குப் போ," என்றாள். இந்தத் தடவை நைனா என்று சொல்லவில்லை.

கரைமேல் ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவள் பொட்டலத்தோடு பெரிய வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டின் கொல்லை வாசலில் நின்றாள். பெரிய வீட்டு அம்மாள் படியில் நின்றபடி ஒரு குச்சியால் பொட்டலத்தைக் கிளறினாள். இவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். சற்று முன்னால் அவள் எதிரில் நான் நின்ற மாதிரியே இருந்தது. அவர்கள் வீட்டு நாய்க்குப் போடக் கொண்டு போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அடுத்த நாள் காலை அவள் எங்கள் கொல்லைக்கு வந்தாள். செம்பட்டைப் பெட்டையைப் பிடித்துக் காலைக் கட்டினாள். "திருப்பிக் கேக்கிறாங்க தாயி," என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா உள்ளே ஓடி ஒரு முறம் கேப்பையை எடுத்து வந்து நீட்டினாள். "வேணாம் தாயி," என்று அவள் நடந்தாள். கட்டின காலோடு செம்பட்டை கத்திக்கொண்டே போனது. கொண்டைச்சி வேலிவரை அதன் பின்னால் ஓடியது.

எனக்குக் கண் தெரியவில்லை. அப்பாவிடம் காட்ட முடியாத கோபம், அத்தையிடம் காட்ட முடியாத கோபம், எல்லாம் அவள் முதுகைப் பார்த்ததும் கைக்கு வந்துவிட்டது. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினேன். அவள் முதுகில் பட்டு உடைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே கொண்டைச்சி மறுபடியும் கூவியது. அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். "அறுத்தா நீயே பொங்கித் துன்னு. நான் அடுப்பு மூட்ட மாட்டேன்," என்றாள் அம்மா. அவர் கத்தியைச் சொருகிவிட்டுப் போனார். அது இன்னும் இரண்டு வருஷம் தனியாக இருந்து, தோன்றினபோதெல்லாம் கூவியது. எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஒரு கேடும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

அந்தக் கோழிகள் அவளுடையவை அல்ல. பெரிய வீட்டுக் கோழிகள். அவளே வாரத்துக்கு வளர்த்தவள். தன் பங்குக்கு வரப்போகும் பாதியில்தான் எனக்கும் பங்கு கொடுத்திருந்தாள். எங்கள் வீட்டார் தின்ற சேவலுக்கு அவள்தான் அங்கே கால் காட்ட வேண்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் அவர்கள் நம்பவில்லை. எனக்கு மீசை முளைத்து, நானே ஒரு கிடேரியை வாரத்துக்குப் பிடித்து, அது செத்து, அதன் காதை அறுத்து எடுத்துக்கொண்டு ஒரு கொல்லை வாசலில் போய் நின்ற அன்றுதான் இதெல்லாம் எனக்கு விளங்கியது. அப்போது அவள் இல்லை.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது வேறு. அந்த ஆடி முழுவதும், பள்ளிக்கூடம் போகும்போது பார்ப்பேன். பெரிய வீட்டு மாட்டுக் கொட்டகையில் அவள் சாணி அள்ளிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் அள்ளிக்கொண்டிருப்பாள். எங்கள் நிலத்துக்கு நடவுக்கு அவள் வரவே இல்லை. தண்டனையாக வாங்கப்படுகிற வேலை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் அம்மாவிடம் பொருமினேன். "எங்கோழியையும் புடுங்கிக்கினு பூட்டா. இப்போ பெரிய வூட்டுல வேலையும் கெடச்சிடுச்சு அவளுக்கு. அவளுக்கு இன்னா!"

அம்மா கேப்பை திரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து மாவுக் கையோடு என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. கன்னத்தில் மாவு ஒட்டியிருக்க, எதற்கு அடித்தாள் என்று தெரியாமல், கொண்டைச்சியைத் தூக்கிக்கொண்டு கொட்டகையில் போய் உட்கார்ந்து, அம்மா மேலும் அந்தச் சாணி அள்ளுகிறவள் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.